நாலு கிலோ சாம்பார்

மூன்று வருஷமாக ரோசம்மாளின் சாம்பார் ஒரே கெட்டியில் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கிற அந்தக் கம்பெனி கேன்டீனில் மத்தியானத்துக்கு நானூறு பேர் உட்காருவார்கள். கரண்டியைச் சாய்த்தால் சாம்பார் சோற்றின் மேல் ஒரு கணம் நின்று, அப்புறம்தான் மெதுவாக இறங்கும். அதில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வம்பு வந்ததே அதனால்தான்.

பரிமாறுகிற ஜன்னலுக்கு நேர் எதிர் பெஞ்சு சபரிநாதனுக்கும் சடையப்பனுக்கும். சபரிநாதன் உலையில் வேலை செய்கிறவன், டெல்லியில் ஆளுகிற கட்சிக்காரன். சடையப்பன் கிரேன் ஓட்டுகிறவன், சென்னையில் ஆளுகிற எதிர்க் கூட்டணியில் கிளைச் செயலாளர். இரண்டு பேரும் பொன்னேரியிலிருந்து ஒரே பைக்கில் வருவார்கள், ஒரே பைக்கில் போவார்கள், நடுவில் எட்டு மணி நேரம் சண்டை போடுவார்கள்.

"பணவீக்கம் எறங்கினு வர்து நைனா. கவர்மென்ட்டு கணக்கே சொல்லுது. பேப்பர் படி" என்பான் சபரிநாதன்.

"நேத்து ரெண்டு டிகிரி ஏறிச்சி, இன்னிக்கு அர டிகிரிதான் ஏறிக்குதுன்னு டாக்டர் சொன்னா, ஜுரம் உட்டுப்போச்சுன்னு எழுந்து ஆடுவியா நீ? ஏர்றது கொறஞ்சா எறங்கிச்சின்னு அர்த்தமா?"

"அப்ப கரண்ட் பில்லு? ஊட்டு வரி? அதுவும் டெல்லியா ஏத்திச்சி? அதுக்கு மட்டும் வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"பேச்ச மாத்தாத. தொவரம்பருப்பு இன்னா வெலன்னு உன் ஊட்டுக்காரிய கேட்டுப் பார்."

இந்த இடம் வந்ததும் சபரிநாதன் தட்டைத் தூக்கிக் காட்டுவான். தினமும் காட்டுவான்.

"ஊட்டுக்காரி எதுக்கு? தோ பார். மூணு வருசத்துக்கு மின்னாடி இன்னா சாம்பாரோ அதே சாம்பாரு. கெட்டியா நிக்கிது. வெலவாசி ஏறியிருந்தா தண்ணியால்ல ஓடியிருக்கும்? கான்ட்ராக்டரு இன்னா, தர்மத்துக்கா போட்றான்?"

இதற்கு மட்டும் சடையப்பன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைவான்.

"ரோசாக்கா, நீதான் எங்க கட்சிக்குப் பேச்சாளரு" என்று சபரிநாதன் ஜன்னலைப் பார்த்துக் கத்துவான். ரோசம்மாள் சிரித்து வைப்பாள். சடையப்பன் சொல்ல வேண்டிய பதில் அவளிடம் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், மூலையில், மஞ்சளாக அறுபட்டுக் கிடந்தது.

ஒப்பந்தப்படி நானூறு பேருக்குப் பத்துக் கிலோ துவரம்பருப்பு. முதல் வருஷம் பத்துதான் வந்தது. பிறகு கான்ட்ராக்டர் செங்கல்வராயன் ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, "கொஞ்சம் அனுசரிச்சிக்கோ ரோசம்மா, பருப்பு வெல எங்கியோ போயிடுச்சி" என்றார். எட்டானது. ஒரு வருஷம் கழித்து ஆறானது. ஒவ்வொரு முறையும் ரோசம்மாள் அனுசரித்தாள். பரங்கிக்காயைக் குழைய வேகவிட்டு, பருப்போடு சேர்த்து மத்தால் கடைந்து, கடைசியில் இரண்டு கை பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊற்றினால் சாம்பார் பழையபடி நிற்கும். நிறமும் வந்துவிடும். புளியை ஒரு பிடி கூட்டினால் இனிப்பும் தெரியாது.

இதை அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கவரைப்பேட்டையில் அவர்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் ஒரு காலத்தில் கழனி வேலைக்குப் போனவர்கள். கழனி எல்லாம் கம்பெனி ஆன பிறகு கம்பெனி வேலைக்குப் போனார்கள். ரோசம்மாள் முப்பது வயதில் இந்தக் கேன்டீனுக்குத் தட்டுக் கழுவ வந்தாள். காய் அறுக்க ஐந்து வருஷம், சோறு வடிக்க நாலு வருஷம். பழைய மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு சனிக்கிழமை, "ஒரு நாளைக்கு மட்டும் பாத்துக்கோ" என்று கரண்டியை அவளிடம் கொடுத்தார்கள். பிறகு திருப்பி வாங்கவில்லை. ஊரடங்கின்போது அவளுக்கும் சம்பளம் இல்லை, அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் ஒப்பந்த வெல்டராக இருந்த புருஷன் ராபினுக்கும் இல்லை. அந்த ஐந்து மாதத்தில் கால் கிலோ பருப்பை ஒரு வாரம் ஓட்டினாள். பரங்கிக்காய் அப்போது வந்ததுதான். வேலை திரும்பியது. விலை திரும்பவில்லை. பரங்கிக்காய் வீட்டிலும் தங்கிவிட்டது.

கேன்டீன் கமிட்டி மாதம் ஒரு தடவை கூடும். எச்.ஆர். அதிகாரி கிறிஸ்டினா தலைவர். தொழிலாளர் பக்கம் சபரிநாதன், சடையப்பன். ஒரு வெள்ளிக்கிழமை கமிட்டியில் செங்கல்வராயன் கடிதம் கொடுத்தார். சாப்பாட்டுக்கு எட்டு ரூபாய் கூட்டித் தர வேண்டும், மூன்று வருஷமாக அதே ரேட், கட்டுப்படியாகவில்லை. டீ கொண்டுபோன ரோசம்மாள் தட்டோடு கதவோரம் நின்றாள்.

"அநியாயம் மேடம்" என்றான் சபரிநாதன். "வெலவாசி ஏறிச்சின்னா சாப்பாட்டுல தெரியணும்ல? சாம்பாரப் பாருங்க. ஒரு மாத்தமும் இல்ல."

கிறிஸ்டினா சடையப்பனைப் பார்த்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "வெலவாசி ஏறினது வாஸ்தவம் மேடம். அத நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா ரேட்டு ஏத்துனா எங்க சம்பளத்துலயும் புடிப்பீங்க. அதுக்கு ஒத்துக்க முடியாது."

"ஆக ரெண்டு பேருக்குமே வேண்டாம்?"

"வாணாம்" என்றார்கள் இருவரும். மூன்று வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. கிறிஸ்டினா கடிதத்தின் ஓரத்தில் 'கூட்ட முடியாது' என்று எழுதி ஃபைலை மூடினாள்.

செங்கல்வராயன் நேராக அடுப்படிக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தை ஒரு மாதமும் தள்ளிப் போட்டதில்லை. முகம் மட்டும் வெந்து போயிருந்தது.

"நான் சொன்னத எவனும் நம்பல ரோசம்மா. உன் சாம்பாரு எனக்கு எதிரா சாட்சி சொல்லிடிச்சி."

"நான் இன்னா பண்ணுவேன்? நீங்கதான் அனுசரிச்சிக்கோன்னீங்க."

"திங்கக்கெழமையிலேர்ந்து நாலு கிலோ. எனக்கு வேற வழி தெரியல. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. பெரியபாளையத்துல ஒரு மாஸ்டரு கேட்டுகினு இருக்கான்."

அவள் முடியாது என்று சொல்லவில்லை. மகள் ஷைனி வேலூரில் நர்சிங் கடைசி வருஷம். இன்னும் எட்டு மாதம் இந்த வேலை இருந்தாக வேண்டும். ஆனால் நாலு கிலோவில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பருப்பை விடப் பரங்கிக்காய் அதிகமாகிவிடும். புளி எவ்வளவு விட்டாலும் இனிப்பு அடங்காது. ஆறு கிலோவுக்கே போன மாதம் ஒருத்தன், "இன்னாக்கா, இன்னிக்கு பாயசமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நாலு கிலோவுக்கு யாராவது கலப்படம் என்பான். கலப்படம் என்ற சொல் வந்தால் அது கான்ட்ராக்டர் பெயரோடு ஒட்டாது. கரண்டி பிடித்தவள் பெயரோடுதான் ஒட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்து ராபின் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டான்.

"பிளான்ட்டுல எவனப் பாத்தாலும் வெலவாசி, வெலவாசின்றான். நம்ம ஊட்ல ஒண்ணும் தெரியலயே ரோசு?"

அவளைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னான். வேறொரு நாளாக இருந்தால் அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும். இன்றைக்கு அவள் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு விலை அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது அவள்தான். சபரிநாதனுக்கும் அப்படித்தான். விலை ஏறவே இல்லை என்று அவன் தினமும் தட்டைத் தூக்கிக் காட்டினான். அந்த ஏற்றம் தட்டில் தெரியாமல் செய்தது அவள் கைதான்.

திங்கட்கிழமை காலை, காய் அறுக்கிற முத்தம்மா பரங்கிக்காயைப் பிளக்க அரிவாள்மனையை இழுத்தாள்.

"முத்தம்மா, அத சாம்பாருக்குப் போடாத. துண்டு துண்டா அறுத்து வையி. பொரியல் பண்ணிக்கலாம்."

"அப்ப சாம்பாருக்கு?"

"பருப்பு இருக்குல்ல."

"நாலு கிலோக்கா! நானூறு பேரு!"

"எவ்ளோ பருப்போ அவ்ளோ சாம்பாரு."

முத்தம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அறுக்க ஆரம்பித்தாள். பதினொன்றரை மணிக்கு மாதிரித் தட்டு போக வேண்டும். பரிமாறுவதற்கு முன்னால் கமிட்டியில் ஒருவர் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த வாரம் சபரிநாதன் முறை. அவன் எப்போதும்போல உலை வாசலில் நின்றபடியே தட்டைப் பார்க்காமல் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தனுப்பினான்.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் வந்தது. முதல் கரண்டி சோற்றின் மேல் விழுந்தது. நிற்கவில்லை. சோற்றை ஊடுருவி, தட்டின் தடுப்பைத் தாண்டி, பொரியலுக்குள் போய்ச் சேர்ந்தது.

"அக்கா, ரசத்த மொதல்ல ஊத்திட்டியா?"

"சாம்பாருதான். நவுரு."

பத்தாவது ஆள் வருவதற்குள் கூச்சல் கிளம்பிவிட்டது. சடையப்பன் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறாத குறைதான். மூன்று வருஷமாக அவன் காத்திருந்த தட்டு அது.

"எங்கடா சபரி? வா, வந்து பாரு! எங்க போச்சு உன் கெட்டி சாம்பாரு? பணவீக்கம் எறங்கிச்சின்னியே, தோ எறங்குது பாரு, தட்ட உட்டே எறங்குது!"

சபரிநாதன் தன் தட்டைப் பார்த்தான். முகம் சிவந்தது. "இது வெலவாசி இல்ல. வெலவாசி ஒரே நாள்ல ஏறுமா? சனிக்கெழம வரிக்கும் நின்ன சாம்பாரு இன்னிக்கு எப்பிடி ஓடும்? பருப்பு எங்கியோ போவுது. எவனோ ஊட்டுக்குத் தூக்கினு போறான்!"

"காலையில நன்றுன்னு எழுதினியே, அது எந்த சாம்பாருக்கு?" என்று எவனோ கேட்டான். சிரித்தார்கள். ஆனால் திருட்டு என்ற சொல் விழுந்துவிட்டது. அடுப்படியில் இருப்பது இரண்டு பெண்கள். நானூறு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

ரோசம்மாள் கரண்டியை வைத்தாள். பரிமாறுகிற நேரத்தில் சமைக்கிறவள் கூடத்துக்கு வருகிற வழக்கம் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சபரி, சுத்தி வளைக்காத. நான் எடுத்துனு போனேனான்னு நேராக் கேளு."

"உன்ன சொல்லலக்கா..."

"வேற யாரு இங்க பருப்புல கை வெக்கிறது? முத்தம்மாவா?" "நாளைக்கு ஏழரைக்கு வா. நீயும் வா சடையப்பா. மேடத்தையும் கூப்பிடு. பருப்பு நிறுக்கசொல்ல பக்கத்துல நில்லுங்க. எங்க போவுதுன்னு கண்ணால பாருங்க. அப்பறம் பேசுங்க."

அன்று சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டிப் பெண் அவள் பையைத் திறக்கச் சொன்னாள். இத்தனை வருஷம் மேலாகத் தொட்டுப் பார்த்து விட்டுவிடுவாள். இன்றைக்கு டிபன் பாக்ஸை, பர்ஸை, குடையை விரித்துக்கூடப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதக்கா, ஆர்டரு" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் ராபினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கு வேலை இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும் என்றாள். கேட்டுக்கொண்டே சாப்பிட்ட ராபின் பாதியில் நிறுத்தினான்.

"அப்ப இது?"

"இதுவும் பரங்கிக்காதான்."

"எத்தினி நாளா?"

"ஊரடங்குலேர்ந்து."

அவன் இன்னொரு வாய் எடுத்து ருசித்தான். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு மீதியைச் சாப்பிட்டான். கை கழுவும்போது, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றான். அவள் சாம்பார்ப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் ஏழரை மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அடுப்படிக்குள் வருகிறவர்கள் தலைக்கு வலைத்தொப்பி போட வேண்டும் என்று கிறிஸ்டினா சொன்னதால், சபரிநாதனும் சடையப்பனும் ஆளுக்கொரு வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார்கள். முத்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். செங்கல்வராயன் கைகட்டி நின்றார்.

தராசில் பருப்பு ஏறியது. நாலு கிலோ.

"ஒப்பந்தத்துல பத்து இருக்கே?" என்றாள் கிறிஸ்டினா.

ரோசம்மாள் செங்கல்வராயனைப் பார்த்தாள். அவர் பத்தும் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால், மீதி ஆறு கிலோவும் அவள் தலையில்தான்.

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "மொத வருசம் பத்துதான் மேடம் போட்டேன். அப்பறம் எட்டு. அப்பறம் ஆறு. நேத்துலேர்ந்து நாலு. இந்தம்மா மேல தப்பில்ல. குடுத்தது அவ்ளோதான். மூணு வருசம் ஒரே ரேட்டுல நான் இன்னா பண்ணுவேன்?"

ரோசம்மாள் பக்கத்தில் இருந்த அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு கிலோலயா அப்பிடி நின்னுச்சி?" சபரிநாதனுக்கு இன்னும் புரியவில்லை. "எப்பிடிக்கா?"

"வா, காட்றேன்."

பருப்பையும் பரங்கிக்காயையும் வேகவைத்தாள். மத்தைச் சபரிநாதன் கையில் கொடுத்துக் கடையச் சொன்னாள். உலையில் உருகின இரும்பைக் கிளறுகிறவன் இரண்டு நிமிஷத்தில் மூச்சு வாங்கினான். பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊற்றினாள். கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டினாள். நின்றது.

"பாத்துக்கோ. பணவீக்கம் எறங்கின கத இதான்."

சடையப்பன் கெக்கெக்கென்று சிரித்தான். ரோசம்மாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ சிரிக்காத நைனா. வெல ஏறிச்சி, வெல ஏறிச்சின்னு மூணு வருசமா நீதான் கத்தினு இருந்த. மீட்டிங்குல ரேட்டு ஏத்த வாணாம்னு நீயும்தான சொன்ன? அப்ப ஏறின வெலய யாரு தலையில வெக்கறது? என் தலையிலயா?"

தொப்பிக்குக் கீழே சடையப்பனின் சிரிப்பு நின்றது.

கிறிஸ்டினா ஒரு ஸ்பூனில் ருசி பார்த்தாள். கலப்படம் என்ற சொல்லுக்கு ரோசம்மாள் காத்திருந்தாள்.

"இது எங்க அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள் கிறிஸ்டினா. "பரங்கிக்காய் போட்டதுல ஒரு தப்பும் இல்ல. சொல்லாம பருப்பக் குறைச்சதுதான் தப்பு." செங்கல்வராயனைப் பார்த்தாள். "அதுக்கு நீங்க எழுதிக் குடுக்கணும். ரேட் பத்தி மறுபடியும் பேசுவோம்."

சபரிநாதன் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. அது அவனுக்கு வராது. அன்று ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் ரோசம்மாளுக்கு முன்னால் போய் நின்றான். "இந்தக்காவோட பையத் தொறக்காத. நேத்து நான்தான் வாய் தவறிப் பேசிட்டேன். பேப்பர்ல எழுதித் தரணும்னா தரேன்" என்று செக்யூரிட்டிப் பெண்ணிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அவள் பையை மேலாகத் தொட்டுவிட்டு அனுப்பினாள்.

அடுத்த கமிட்டியில் இரண்டு கட்சியும் ஒரே பக்கம் உட்கார்ந்து கம்பெனியோடு வாதாடின. ஏழு ரூபாய் கூடியது. ஆறு கம்பெனி, ஒன்று தொழிலாளி. பருப்பு ஒன்பது கிலோ. தினமும் கமிட்டியில் ஒருவர் வந்து நிறுப்பதைப் பார்க்க வேண்டும், ருசி நோட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். பெரியபாளையத்து மாஸ்டரைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. ராபின் அந்த மாதத்திலிருந்து மளிகைக்குத் தானே போனான். முதல் நாள் திரும்பி வந்தவன் பையை வைத்துவிட்டு, பில்லை எடுத்துப் பருப்பு விலையை இரண்டு தடவை படித்தான்.

ஒன்பது கிலோ சாம்பார் வைத்த முதல் நாள், ரோசம்மாள் புளியைக் குறைத்தாள், மாவு டப்பாவைத் திறக்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கரண்டியைச் சாய்க்கும்போது கண்டுபிடித்துவிட்டானா என்று எதிரில் நிற்கிறவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. தோள்பட்டை லேசாக இருந்தது.

பத்து நிமிஷம் கழித்து அச்சு செய்கிற மோல்டிங் பிரிவு ஆள் ஒருவன் தட்டோடு வந்தான். "அக்கா, நல்லாத்தான்க்கா இருக்குது. ஆனா பழைய சாம்பாருல ஒரு இனிப்பு இருக்கும்ல? அது எங்க?"

"ஆமாக்கா" என்றார்கள் பின்னால் நாலு பேர்.

முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ரோசம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வியாழக்கிழமைதோறும் பரங்கிக்காய் சாம்பார் என்று மெனு போர்டில் சாக்பீஸால் எழுதச் சொன்னாள். பருப்பு அதே ஒன்பது கிலோ, காய் மேற்கொண்டு.

எதிர் பெஞ்சில் சத்தம் நின்றுவிடவில்லை. சாம்பாரை விட்டுவிட்டுப் பெட்ரோலுக்குப் போயிருந்தார்கள். பெட்ரோல் விலை ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று சபரிநாதன் மேசையைத் தட்டினான்.

"பெரிய விஷயம் இல்லன்னா எதுக்குடா ஒரே வண்டியில பின்னாடி தொத்திகினு வர? உன் வண்டிய எட்றா நாளைக்கு!" என்றான் சடையப்பன்.

சபரிநாதன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "ரோசாக்கா, நீ சொல்லுக்கா. நாயத்த நீ சொல்லு."

"பெட்ரோலு என் அடுப்புல வேகல" என்றாள் ரோசம்மாள். "ரசம் வாணுமா, வாணாமா? பின்னாடி ஆளு நிக்கிறாங்க."